1849-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வாக்களிப்பதானால்: ஜெர்மனியின் முன் இருந்த ஐந்து வழிகள்

ஜெர்மனி ஒரே நாடான கதையைப் படிக்கும் மாணவர்களும் வரலாற்று ஆர்வலர்களும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஆஸ்திரியாவைச் சேர்த்துக்கொள்ளும் 'பெரிய ஜெர்மனி' சரியா, அதை வெளியே விட்டுவிடும் 'சிறிய ஜெர்மனி' சரியா? பாடநூல்கள் இந்தக் கேள்வியை இரண்டு வரிகளில் கடந்து, வடக்கின் பெரிய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க்கிடம் நேராகப் போய்விடுகின்றன. அதனால் நடந்தது மட்டுமே நடக்கக்கூடியதாக இருந்தது என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிடுகிறது. அன்றைய மனிதர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் முன் குறைந்தது ஐந்து வழிகள் இருந்தன; ஒவ்வொன்றுக்காகவும் அறிவும் நேர்மையும் உள்ளவர்கள் வாதாடினார்கள். எல்லைக்கோடு எங்கே ஓடியது என்ற ஆராய்ச்சியில் மூழ்கும் நாம், அதை யார் எந்த உரிமையில் போட்டார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறோம் என்பது என் வருத்தம். இந்த ஒப்பீட்டை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

பின்னணி சுருக்கமாக. 1806-இல் நெப்போலியனின் அழுத்தத்தில் புனித ரோமப் பேரரசு கலைந்தது. அதே ஆண்டு யேனாவில் பிரஷ்யப் படை சிதறியது. ஒரே மொழி பேசும் மக்களுக்கு ஒரே அரசு வேண்டும் என்ற எண்ணம் அந்த அவமானத்தில்தான் வேகம் பிடித்தது. பிரெஞ்சுப் படை பிடித்து வைத்திருந்த பெர்லினிலேயே நின்று மெய்யியலாளர் ஃபிக்டே அதைப் பேசினார். 1813-இல் லைப்ஸிக்கில் நெப்போலியனைத் தோற்கடித்த இளைஞர்கள் ஒரு நாட்டை எதிர்பார்த்தார்கள். 1815-இல் வியன்னா மாநாடு அவர்களுக்குக் கொடுத்தது 39 அரசுகளின் தளர்ந்த கூட்டமைப்பு. 1819-இல் கார்ல்ஸ்பாட் ஆணைகள் மாணவர் சங்கங்களையும் பத்திரிகைகளையும் ஒடுக்கின. 1832-இல் ஹம்பாக் கோட்டைக்கு ஆயிரக்கணக்கானோர் கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடியுடன் ஏறினார்கள், மீண்டும் ஒடுக்குமுறை. 1848 மார்ச்சில் வியன்னாவும் பெர்லினும் கொந்தளித்தன, ஆஸ்திரியாவின் தலைமை அமைச்சர் மெட்டர்னிக் நாட்டைவிட்டு ஓடினார். மே 18 அன்று ஃபிராங்க்ஃபர்ட் நகரின் தூய பவுல் தேவாலயத்தில், மக்கள் தேர்ந்தெடுத்த தேசிய மன்றம் கூடியது.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், அதிகாரத்தின் ஊற்று. அரசு மக்களின் வாக்கிலிருந்து பிறக்கிறதா, மன்னர்களின் உடன்படிக்கையிலிருந்தா? இரண்டாவது, எல்லை. யார் விருப்பமின்றி உள்ளே இழுக்கப்படுகிறார்கள், யார் விருப்பமின்றி வெளியே தள்ளப்படுகிறார்கள்? மூன்றாவது, அண்டை வல்லரசுகள் அதைப் பொறுத்துக்கொள்ளுமா? நான்காவது, அதைச் செய்துமுடிக்கும் கரம் யாருடையது, கூலியாக அது என்ன கேட்கும்? ஐந்தாவது, அமைந்த அரசில் பிழை தெரிந்தால் குடிமக்களால் அமைதியாகத் திருத்த முடியுமா?

முதலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நான் கூடுதல் எடை தருகிறேன். எல்லைகள் ஐரோப்பாவில் எத்தனையோ முறை மாறியிருக்கின்றன. ஆனால் படைக்கும் பட்ஜெட்டுக்கும் யார் பொறுப்பு என்பது பிறக்கும்போதே எழுதப்பட்டுவிட்டால், அதை மாற்றத் தலைமுறைகள் ஆகின்றன.

## வழி 1: கூட்டமைப்பை வைத்துக்கொண்டு சீர்திருத்துவது

பாடநூல்கள் இதை ஒரு தோல்வியாகவே காட்டுகின்றன. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 1815-இலிருந்து 1866 வரை ஜெர்மானிய அரசுகள் ஒன்றோடொன்று பெரும் போர் நடத்தவில்லை. கூட்டமைப்பு தற்காப்புக்கு உதவும், படையெடுப்புக்கு உதவாது. ஆகவே பிரான்சோ ரஷ்யாவோ அதைக் கண்டு அஞ்சவில்லை. பொது வணிகச் சட்டத் தொகுப்பு 1861-இல் இந்த அமைப்பின் வழியாகவே வந்தது. தெற்கு அரசுகளான பாடனுக்கு 1818-இலும் வூர்ட்டம்பர்க்குக்கு 1819-இலும் சொந்த அரசமைப்புச் சட்டங்கள் கிடைத்திருந்தன. அங்கே வாழ்ந்த ஒருவர் பெர்லின் அதிகாரிகளின் ஆட்சியை ஏன் விரும்ப வேண்டும்?

மறைவான விலை கனமானது. ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடிய கூட்டமைப்பு மன்றத்தில் அரசுகளின் தூதர்கள் மட்டுமே இருந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட இல்லை. அந்த அரசுகள் சுறுசுறுப்பாகச் சேர்ந்து செய்த காரியம் தணிக்கையும் பல்கலைக்கழகங்கள் மீதான கண்காணிப்பும்தான். சீர்திருத்தமோ இரண்டு பெரிய அரசுகளும் ஒத்துக்கொண்டால் மட்டுமே சாத்தியம். 1863 ஆகஸ்டில் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசஃப் எல்லா மன்னர்களையும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அழைத்துச் சீர்திருத்தத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். பிஸ்மார்க்கின் பிடிவாதத்தால் பிரஷ்ய மன்னர் வில்ஹெல்ம் போகவில்லை. திட்டம் அத்தோடு முடிந்தது.

நல்ல அரசமைப்புள்ள சிறிய அரசின் குடிமகனுக்கும், ஜெர்மன் பேசாத போஹேமியக்காரருக்கும் (செக் மக்கள் வாழ்ந்த ஆஸ்திரியப் பகுதி) இது ஏற்ற வழி. கருத்துச் சுதந்திரத்துக்காகச் சிறை சென்ற பத்திரிகையாளரிடம் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

## வழி 2: பெரிய ஜெர்மனி

1848 வசந்தத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோரின் கனவு இது. வியன்னா இல்லாத ஜெர்மனியை அவர்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஜூன் மாத இறுதியில் மன்றம் தற்காலிக அரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்ததும் ஆஸ்திரிய அரச குடும்பமான ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் யோஹான் இளவரசரைத்தான்.

சிக்கல் எல்லையில் இருந்தது. ஹாப்ஸ்பர்க் பேரரசில் ஹங்கேரியர், செக், போலிஷ், குரோட், இத்தாலிய மக்கள் எல்லோரும் இருந்தார்கள். 1848 அக்டோபர் 27 அன்று மன்றம் தெளிவான முடிவு ஒன்றை எடுத்தது: ஜெர்மானிய அரசின் எந்தப் பகுதியும் ஜெர்மானியர் அல்லாதோரின் நாட்டோடு ஒரே அரசாக இணைந்திருக்கக் கூடாது, இரண்டுக்கும் ஒரே மன்னர் இருக்கலாம், அவ்வளவுதான். இதன் பொருள், ஆஸ்திரியா தன்னை இரண்டாக வெட்டிக்கொள்ள வேண்டும் என்பது. பதில் விரைவாக வந்தது. நவம்பர் 9 அன்று, மன்ற உறுப்பினர் ராபர்ட் புளூம் வியன்னாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்கிருந்த உறுப்பினர் பாதுகாப்பை யாரும் மதிக்கவில்லை. நவம்பர் 27 அன்று புதிய பிரதமர் ஷ்வார்ட்சன்பெர்க், ஆஸ்திரியா பிரிக்க முடியாத ஒரே அரசு என்று அறிவித்தார்.

இந்த வழியில் என்னை அதிகம் உறுத்துவது வேறு. ஏப்ரலிலேயே செக் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கி, தான் ஜெர்மானியர் அல்ல என்று சொல்லி ஃபிராங்க்ஃபர்ட் அழைப்பை மறுத்திருந்தார். செக் மாவட்டங்கள் பல தேர்தலைப் புறக்கணித்தன. அப்படியிருந்தும் போஹேமியா தமக்கே உரியது என்று மன்றத்தினர் பேசினார்கள். ஜூலையில் பிரஷ்ய ஆட்சியிலிருந்த போஸன் பகுதிப் போலிஷ் மக்களைப் பற்றிய விவாதத்தில் வில்ஹெல்ம் யோர்டான் என்ற உறுப்பினர், தேசத்துக்கு ஆரோக்கியமான தன்னலம் வேண்டும் என்று முழங்கினார். பெரும்பான்மை அவர் பக்கம் சாய்ந்தது. விடுதலை கேட்டு எழுந்த ஒரு தேசியம் ஒரே கோடையில் அடுத்தவர் விடுதலையை மறுக்கக் கற்றுக்கொண்டது. தேசியத்தின் பிறழ்வு பிஸ்மார்க்கோடு தொடங்கியது என்று எழுதுகிறவர்கள் அந்த ஜூலை விவாதத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஹாப்ஸ்பர்க் பேரரசு தானாகவே உடையும் தருணத்தில் மட்டுமே இந்த வழி சரி. 1848-இல் அது உடைவதுபோல் தோன்றியது. ஆனால் ஜூனில் பிராக், ஜூலையில் இத்தாலியில் குஸ்டோசா, அக்டோபர் கடைசியில் வியன்னா என்று பேரரசின் படை மீண்டும் வென்றது. பேரரசு உண்மையிலேயே உடைந்தது 1918-இல். அந்த நவம்பர் 12 அன்று வியன்னாவின் தற்காலிக மன்றம் தன்னை ஜெர்மன் குடியரசின் பகுதியாக அறிவித்தது. வென்ற நாடுகள் அதைத் தடுத்துவிட்டன. அன்று இணைப்பைக் கேட்டவர்கள் ஜனநாயகவாதிகள். 1938 மார்ச்சில் படையோடு உள்ளே வந்த ஹிட்லரையும் அவர்களையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

## வழி 3: முழு ஹாப்ஸ்பர்க்கையும் உள்ளே கொண்டுவருவது

ஷ்வார்ட்சன்பெர்க் வைத்த மாற்றுத் திட்டம் இது. ஹங்கேரி உட்பட முழு ஆஸ்திரியாவும் ஜெர்மானிய அரசுகளும் சேர்ந்து ஏழு கோடிப் பேர் வாழும் நடு ஐரோப்பிய அமைப்பு. வணிக அமைச்சர் புரூக் அதற்கொரு பெரிய சுங்க ஒன்றியத்தையும் வரைந்தார். பொருளாதாரக் கண்ணால் பார்த்தால் கவர்ச்சியானது. ஆனால் மேலே மன்னர்கள் மட்டும். மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம் கிடையாது. பால்டிக் கடலிலிருந்து ஏட்ரியாட்டிக் வரை நீளும் அத்தகைய அமைப்பைப் பிரான்சும் பிரிட்டனும் ரஷ்யாவும் விரும்பவில்லை. வியன்னாவின் உற்பத்தியாளருக்கு இது லாபம். மற்றவர்களுக்கு இதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

## வழி 4: நாடாளுமன்றம் வழியே சிறிய ஜெர்மனி

ஆஸ்திரியாவின் கதவு மூடியபின், மன்றத்தின் முன்னணித் தலைவர் ஹைன்ரிக் ஃபான் காகர்ன் முன்வைத்த வழி: ஆஸ்திரியா இல்லாத கூட்டாட்சி, பிரஷ்ய மன்னர் பரம்பரைப் பேரரசர், ஆஸ்திரியாவோடு தனி உடன்படிக்கை. 1849 மார்ச் 28 அன்று 290 உறுப்பினர்கள் பிரஷ்யாவின் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் IV-ஐப் பேரரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். 248 பேர் வாக்களிக்கவில்லை. அந்த 248 என்ற எண்ணை நாம் மறக்கக் கூடாது. ஆஸ்திரியர்களும் தெற்கின் கத்தோலிக்கரும் குடியரசுவாதிகளும் அதில் இருந்தார்கள்.

அந்த அரசமைப்புச் சட்டத்தைப் படித்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. ஆண்கள் அனைவருக்கும் இரகசிய வாக்குரிமை. பேரரசர் ஒரு சட்டத்தைத் தாமதப்படுத்தலாம், நிரந்தரமாகத் தடுக்க முடியாது. பத்திரிகைச் சுதந்திரம், மதத்தின் பேரால் பாகுபாடின்மை, மிகச் சில விலக்குகளோடு மரண தண்டனை ஒழிப்பு. ஜெர்மன் பேசாத மக்களுக்குத் தம் பகுதிகளில் தேவாலயத்திலும் கல்வியிலும் உள்நாட்டு நிர்வாகத்திலும் நீதிமன்றத்திலும் சொந்த மொழி உரிமை என்று 188-ஆவது பிரிவு உறுதியளித்தது. யோர்டானின் முழக்கத்துக்குக் கைதட்டிய அதே மன்றம்தான் இதையும் எழுதியது. இரண்டும் அதனுள் இருந்தன. யூதச் சமூகத்தவரான காப்ரியேல் ரீசர் மன்றத்தின் துணைத் தலைவராக இருந்தார்.

குறை நான்காவது அளவுகோலில். மன்றத்துக்கு சொந்தப் படை இல்லை. 1848-இல் டென்மார்க் எல்லையிலிருந்த ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனுக்காக டென்மார்க்கோடு நடந்த போரில் பிரஷ்யா ஆகஸ்ட் 26 அன்று மால்மோவில் தன்னிச்சையாகப் போர்நிறுத்தம் செய்துகொண்டது. மன்றம் முதலில் மறுத்து, பிறகு வேறு வழியின்றி ஏற்றது. செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் தெருக்களில் கலகம் வெடித்தபோது, மன்றத்தைக் காத்தது ஆஸ்திரிய, பிரஷ்யப் படைகளே. 1849 ஏப்ரல் 3 அன்று மன்றத் தலைவர் எட்வார்ட் சிம்சன் தலைமையில் சென்ற குழுவிடம், மற்ற மன்னர்களின் சம்மதமின்றி மகுடத்தை ஏற்க முடியாது என்றார் பிரஷ்ய மன்னர். தனிக் கடிதங்களில் அந்த மகுடத்தைச் சேற்றில் செய்த வளையம் என்றே இகழ்ந்தார்.

ஆனால் இந்த வழிக்கு ஆதரவே இல்லை என்பது உண்மையல்ல. 28 அரசுகள் அரசமைப்பை ஏற்றன. பிரஷ்யாவின் கீழவையே ஏப்ரல் 21 அன்று அதை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. மன்னர் அவையைக் கலைத்தார். டிரெஸ்டனிலும் பலாட்டினேட்டிலும் பாடனிலும் மக்கள் அந்த அரசமைப்புக்காக ஆயுதம் எடுத்தார்கள். பிரஷ்யத் துருப்புகள் அவர்களை நசுக்கின; ஜூலை 23 அன்று பாடனிலிருந்த ராஷ்டாட் கோட்டை வீழ்ந்தது. நாடு பேராசிரியர்களின் வெற்றுப் பேச்சை நிராகரித்தது என்ற பழைய கதையை நான் ஏற்க மறுப்பதற்கு ராஷ்டாட்டில் இறந்தவர்களே காரணம்.

பிரஷ்ய மன்னர் சம்மதிக்கும் மனிதராக இருந்திருந்தால், அல்லது அவரை மீறும் படை மன்றத்திடம் இருந்திருந்தால், ஐந்தில் இதுவே சிறந்தது.

## சுங்க ஒன்றியத்தை ஏன் தனி வழியாகச் சொல்லவில்லை?

1834 ஜனவரி 1 அன்று பிரஷ்யா தலைமையில், உறுப்பு அரசுகளுக்கிடையே சுங்க வரியை நீக்கிய சுங்க ஒன்றியம் தொடங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் நியூரம்பர்க்கிலிருந்து ஃபூர்த்துக்கு முதல் நீராவி ரயில் ஓடியது. சந்தை ஒன்றானதால் நாடும் ஒன்றாகியே தீர வேண்டியிருந்தது என்று பலர் எழுதுகிறார்கள். 1866-ஐப் பாருங்கள். பவேரியா, வூர்ட்டம்பர்க், சாக்ஸனி, ஹனோவர், பாடன் எல்லாமே ஒன்றிய உறுப்பினர்கள்; எல்லாமே பிரஷ்யாவுக்கு எதிராகப் போரிட்டன. 1868-இல் சுங்க நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் நடந்தபோது பவேரிய, வூர்ட்டம்பர்க் வாக்காளர்கள் பிரஷ்ய எதிர்ப்பாளர்களையே அனுப்பினார்கள். சுங்க ஒன்றியம் ஆஸ்திரியாவுக்கு வெளியே ஒரு பொருளாதார வட்டத்தை வரைந்து கொடுத்தது. அரசியல் முடிவை அது எடுக்கவில்லை.

## வழி 5: பிரஷ்ய வாள் வழியே சிறிய ஜெர்மனி

1862 செப்டம்பரில் பதவிக்கு வந்த சில நாள்களிலேயே, காலத்தின் பெரிய கேள்விகள் பேச்சாலும் பெரும்பான்மைத் தீர்மானங்களாலும் தீர்வதில்லை, இரும்பாலும் இரத்தத்தாலுமே தீர்கின்றன என்றார் பிஸ்மார்க். பிறகு செய்தும் காட்டினார்: 1864-இல் டென்மார்க், 1866-இல் ஆஸ்திரியா, 1870-இல் பிரான்ஸ். 1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையில் பேரரசு அறிவிக்கப்பட்டது.

நன்மைகளை மறைக்கக் கூடாது. ஐந்து வழிகளில் நிறைவேறியது இது ஒன்றே. ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமையை பிஸ்மார்க்கே கொண்டுவந்தார். ஒரே நாணயம், ஒரே சட்டம், பெரும் தொழில் வளர்ச்சி. 1871-க்குப் பின் அவர் பதவியில் இருந்தவரை வல்லரசுகளோடு போர் இல்லை. பவேரியாவுக்குத் தபால், ரயில், பீர் வரியில் தனி உரிமைகள் கிடைத்தன.

உடனடி விலை மூன்று போர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது கணக்கில் வராத விலைகள். 1866-இல் ஹனோவர், ஹெஸ்ஸ-காசல், நாசாவ், சுதந்திர நகரான ஃபிராங்க்ஃபர்ட் எல்லாம் யாரையும் கேட்காமல் பிரஷ்யாவோடு இணைக்கப்பட்டன. ஃபிராங்க்ஃபர்ட்டின் மீது இரண்டரைக் கோடி குல்டன் (அன்றைய நாணயம்) தண்டம் விதிக்கப்பட்டது. மேயர் ஃபெல்னர் தற்கொலை செய்துகொண்டார். தேசிய மன்றம் கூடிய நகருக்கு நேர்ந்த கதி அது. 1866 போரை முடித்த பிராக் உடன்படிக்கையில் வட ஷ்லெஸ்விக் மக்களுக்கு வாக்குறுதியளிக்கப்பட்ட பொதுவாக்கெடுப்பு 1878-இல் ரத்தானது. அவர்கள் வாக்களித்தது 1920-இல்தான். பிரான்சிடமிருந்து பறித்துச் சேர்க்கப்பட்ட அல்சேஸ்-லொரைன் மக்கள் 1874-இல் பெர்லினுக்கு அனுப்பிய பிரதிநிதிகள், எங்களைக் கேட்காமல் சேர்த்தீர்கள் என்று நாடாளுமன்றத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த இணைப்பை எதிர்த்துப் பேசிய சோஷலிஸ்ட் தலைவர்கள் பேபலும் லீப்க்னெக்டும் 1872-இல் தேசத்துரோக வழக்கில் தண்டனை பெற்றார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நீடித்த விலை ஐந்தாவது அளவுகோலில் இருக்கிறது. 1862-இலிருந்து நான்கு ஆண்டுகள் பிரஷ்ய நாடாளுமன்றம் படைச் செலவுக்கு ஒப்புதல் தர மறுத்தது. பிஸ்மார்க் ஒப்புதலின்றியே செலவழித்தார். 1866 வெற்றிக்குப் பின் தாராளவாதிகளில் பெரும்பகுதியினர் அதற்குப் பின்தேதியிட்டு மன்னிப்புச் சட்டம் இயற்றினார்கள். வெற்றி பெற்றால் சட்டமீறலும் செல்லும் என்ற பாடம் அன்று பதிந்தது. 1871 அரசமைப்பில் அடிப்படை உரிமைகளின் பட்டியல் இல்லை. தலைமை அமைச்சர் பேரரசருக்கு மட்டுமே பொறுப்பு. அரசுகளின் அவையில் இருந்த 58 வாக்குகளில் 14 எதிர்த்தால் அரசமைப்பைத் திருத்த முடியாது. பிரஷ்யாவிடம் மட்டும் 17 இருந்தன. அந்தப் பிரஷ்யாவிலோ வரி செலுத்தும் அளவுப்படி வாக்கின் எடை மாறும் மூன்று வகுப்புத் தேர்தல் முறை 1918 வரை நீடித்தது. 1874-இலிருந்து படைச் செலவு ஏழாண்டுக்கு ஒருமுறையே வாக்கெடுப்புக்கு வந்தது.

1870 டிசம்பரில் வட ஜெர்மன் நாடாளுமன்றத்தின் குழு, வில்ஹெல்மை மகுடம் ஏற்க வேண்ட வெர்சாய்க்குப் போனது. தலைவர் அதே எட்வார்ட் சிம்சன். மன்னர்களின் சம்மதம் வந்து சேரும்வரை வில்ஹெல்ம் அவர்களைச் சந்திக்கவில்லை. யாருடைய கையிலிருந்து மகுடம் வருகிறது என்பதில் பிரஷ்ய அரச குடும்பமான ஹோஹென்ஸோலர்ன் குடும்பத்துக்கு 1849-இலும் 1870-இலும் துளிச் சந்தேகமும் இருக்கவில்லை.

வேகமும் வலிமையும் மட்டுமே உங்கள் தேவை என்றால், குறிப்பாக ரைன்லாந்தின் ஆலை முதலாளியாக இருந்தால், இது பொருந்தும். கத்தோலிக்கர், சோஷலிஸ்டுகள், போலிஷ் மக்கள் ஆகியோருக்கு முதல் இருபது ஆண்டுகளிலேயே அடக்குமுறைச் சட்டங்கள் வந்து சேர்ந்தன.

## ஒரே பார்வையில்

| வழி | அதிகாரம் எங்கிருந்து | எல்லையில் பாதிக்கப்படுவோர் | நிறைவேற்றும் கரம் | மறைவான விலை |
|---|---|---|---|---|
| கூட்டமைப்புச் சீர்திருத்தம் | மன்னர்கள் | மிகக் குறைவு | இரு வல்லரசுகளின் ஒப்புதல் | தணிக்கை, தேக்கம் |
| பெரிய ஜெர்மனி | மக்கள் மன்றம் | செக், இத்தாலியர், போலிஷ் | ஹாப்ஸ்பர்க் உடைந்தால் மட்டும் | டான்யூப் பகுதியில் போர் |
| முழு ஹாப்ஸ்பர்க் | மன்னர்கள் | ஹங்கேரியர், ஸ்லாவியர் | வியன்னா | வல்லரசுகளின் பகை |
| மன்றம் வழி சிறிய ஜெர்மனி | மக்கள் மன்றம் | ஆஸ்திரிய ஜெர்மானியர், போலிஷ் | இல்லை | உள்நாட்டுப் போர் அபாயம் |
| வாள் வழி சிறிய ஜெர்மனி | மன்னர்களும் படையும் | டேனியர், அல்சேஸ் மக்கள், போலிஷ், ஆஸ்திரிய ஜெர்மானியர் | பிரஷ்யப் படை | பொறுப்பற்ற ஆட்சி முறை |

## என் வாக்கு

நான்காவது வழிக்கே, ஒரு மாற்றத்தோடு. மன்றத்தின் கொள்கையில் பெரிய பிழை இல்லை. வேலைகளின் வரிசையில்தான் இருந்தது. மன்னர்கள் நடுங்கிக்கொண்டிருந்த 1848 கோடையை அது அடிப்படை உரிமைகளைச் சொல் சொல்லாக விவாதிப்பதில் செலவழித்தது. உரிமைகள் சட்டமானது டிசம்பர் 27 அன்று. அதற்குள் வியன்னாவும் பெர்லினும் மன்னர்களின் கைக்குத் திரும்பிவிட்டன.

அந்த ஜூலையில் தற்காலிக அரசின் போர் அமைச்சர் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார்: ஆகஸ்ட் 6 அன்று எல்லா அரசுகளின் படைகளும் யோஹானுக்கு மரியாதை செலுத்த வேண்டும். சிறிய அரசுகள் பணிந்தன. பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மதிக்கவில்லை. யாரிடம் படை இருக்கிறது, அது யார் சொல் கேட்கும் என்பதற்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. பணிந்த அரசுகளின் படைகளை ஒரே தலைமையின் கீழ் திரட்டி, மார்ச் மாதத்தில் உருவான குடிமக்கள் காவல் படைகளையும் அதோடு சேர்க்கும் தீர்மானம் ஆகஸ்ட் 7 அன்று வந்திருந்தால் நான் அதற்குக் கை தூக்கியிருப்பேன். அது வென்றிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு ஹங்கேரிக்குள் படை அனுப்பிய ரஷ்யா இதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்காது. ஆனால் பாடன் வீரர்கள் 1849 மே மாதத்தில் தனியாக நிற்க நேர்ந்திருக்காது. அந்த 28 அரசுகளின் ஒப்புதலும் வெறும் காகிதமாகப் போயிருக்காது.